மலைத் தோட்டத்து மழைக் கணக்குப்பிள்ளை

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். காபித் தோட்டங்களைப் பார்க்கிறார்கள். தோட்ட வீட்டு முற்றத்தில் மழைமானி ஒன்று நின்றால் அதை யார் ஏறெடுத்துப் பார்க்கிறார்கள்? தோட்டக்காரருக்கோ அதுதான் மழைக் கணக்குப்பிள்ளை!

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடை மழைதான் காபி மொட்டை மலர்த்துகிறது. ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் பெய்தால், பத்து நாட்களுக்குள் தோட்டமே வெள்ளைப் பூவாய்ச் சிரிக்கும். குறைந்தாலோ மொட்டு அரைகுறையாய் விரிந்து கருகும். தெளிப்பான் வைத்து நீர் பாய்ச்சியாக வேண்டும். ஆகவே கணக்குப்பிள்ளை பொய் சொன்னால் அந்த ஆண்டு விளைச்சலுக்கே ஆபத்து.

பொய் எப்படி வருகிறது? பழைய தகரக் கலத்தின் மூட்டு துருப்பிடித்துக் கசியும். இக்காலத்து மழைமானிக்குள் இரு சிறு கிண்ணங்கள் மாறி மாறிக் கவிழ்ந்து மழையை எண்ணுகின்றன. ஒரு சிலந்திக் கூடு போதும், அவை அசையாமல் நின்றுவிடும். வெளியே மழை கொட்டும், கணக்கில் சுழி!

பழுது பார்ப்பது பெரிய வித்தை அல்ல. புனலில் அடைத்த இலையை அகற்றிக் கிண்ணங்களை மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். ரசமட்டம் வைத்துச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். கசியும் மூட்டுக்கு ஈயப் பற்று வைத்தால் போதும். பிறகு ஒரு பரீட்சை: புனல் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டரானால், 200 மில்லி லிட்டர் நீரைத் துளித்துளியாக ஊற்றிப் பார்க்கலாம். சரியாக 10 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நோய் இன்னும் தீரவில்லை என்று பொருள்.

கருவியில் குற்றமே இல்லாமலும் கணக்குப் பிசகுவதுண்டு. நிழலுக்காக நட்ட மரம் ஆண்டுதோறும் வளர்ந்து மழையை மறைத்துவிடும். அல்லது கிளையில் தேங்கிய நீரைக் கலத்தில் சொட்டும். மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்திலாவது மழைமானி நிற்க வேண்டும்.

காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து ஏட்டில் எழுதுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. எழுதும் எண் மெய்யானதுதானா என்று, கோடை மழைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிட வேண்டும். பூ உதிர்ந்தபின் கணக்கைத் திருத்தி என்ன பயன்?