‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோயா?

நைனார்பாளையம் போன்ற நமது ஊர்களிலும் 30 வயதைக் கடந்த சகோதரிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூலம் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்யப்படுகிறது. ‘பாசிட்டிவ்’ என்று முடிவு வந்ததும் பலர் தூக்கத்தைத் தொலைத்து விடுகிறார்கள். சிலர் பயத்தாலும் வெட்கத்தாலும் வீட்டில் மறைத்து, அடுத்த பரிசோதனைக்கே போவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து அந்த இடம் வெளுக்கிறதா என்று பார்ப்பதே இச்சோதனை. சாதாரண அழற்சி இருந்தாலும் வெளுக்கலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை 31,343 பெண்களுக்கு இவ்வாறு சோதித்தார்கள். 3,088 பேருக்கு, அதாவது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, பாசிட்டிவ் வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் ஏற்பட்ட மரணங்கள், மற்ற பகுதிகளைவிட 35 சதவீதம் குறைந்ததாக 2007ல் வெளியான ஆய்வு முடிவு கூறியது.

காரணமான எச்.பி.வி. வைரஸ் பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கியிருக்கும். எனவே இந்த முடிவை வைத்துக் கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகிப்பது தவறு. தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். பலருக்கு அது தானாகவே மறைந்தும் விடுகிறது.

ஆகவே, அடுத்து என்ன பரிசோதனை, எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையில் என்று கேட்டு எழுதிக் கொள்வோம். கூச்சமிருந்தால் பெண் மருத்துவரைக் கேட்கலாம். தாயோ, சகோதரியோ, கணவரோ துணைக்கு வரட்டும். கவலை நம்மை வீட்டில் முடக்காமல், மருத்துவரிடம் கொண்டு சேர்க்கட்டும்.