பட்டமின்றிக் கடல் கடந்த ஆங்கில ஆசிரியர்கள்

க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிச் சில கிழமைகள் கழியும் முன்னரே எம்மைப் போன்ற ஆசிரியர்களிடம் ஒரு வினா வந்து சேருவது வழக்கமாகிவிட்டது. "ஆங்கிலம் எனக்கு நன்றாக வரும், சேர். கம்பஸ் கிடைக்கவில்லை. பட்டம் இல்லாமலே வெளிநாடு போய் ஆங்கிலம் படிப்பிக்கலாமாமே, உண்மையா?" என்று மாணாக்கர் கேட்கின்றனர். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் தாய்தந்தையர், காணியை ஈடு வைத்தேனும் பிள்ளையை அனுப்பிவிடும் எண்ணத்துடன் எமது முகத்தையே நோக்கி நிற்பர். ஆகலின் இவ்வினாவுக்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடை பகர்ந்துவிட எமக்கு மனம் வருவதில்லை.

பட்டமின்றி அந்நிய நாட்டில் ஆங்கிலம் போதித்தோர் சரித்திரத்தில் இல்லாமலில்லை. யப்பான் தேசத்தில் முதன்முதல் ஆங்கிலம் கற்பித்த, அம்மொழியையே பேசி வளர்ந்த ஆசிரியர் என்று போற்றப்படுபவர் ஒரு கப்பற் கூலியாள் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் றனால்ட் மக்டொனால்ட். 1824ஆம் ஆண்டில், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் பிறந்தவர். தந்தை ஹட்சன் விரிகுடாக் கம்பனியில் உத்தியோகம் பார்த்த ஸ்கொத்லாந்தியர். தாய் சினூக் என்னும் ஆதிக்குடித் தலைவர் ஒருவரின் மகள். மகனுக்கு ஓரளவு பள்ளிப்படிப்பு கொடுத்து வங்கியொன்றில் எழுதுவினைஞராக அமர்த்தினார் தந்தை. கணக்குப் புத்தகம் மகனுக்குக் கசந்தது. கடலுக்கு ஓடினார், திமிங்கில வேட்டைக் கப்பலில் சேர்ந்தார்.

அக்காலத்தில் யப்பான் பிற நாட்டார்க்குக் கதவடைத்திருந்தது. நாகசாக்கித் துறைமுகத்தில் ஒல்லாந்தரும் சீனரும் மாத்திரமே வர்த்தகம் செய்ய அனுமதிக்கப்பட்டனர். அனுமதியின்றிக் கரையேறும் அந்நியர் சிறை புகவேண்டியதே. இதனை அறிந்தும் மக்டொனால்ட் 1848ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யப்பானின் வடகரைக்கு அண்மையில் தம் கப்பலை விட்டுச் சிறு படகொன்றில் இறங்கினார். கப்பல் உடைந்து வந்தவர்போல் தோன்றினால் உயிர் தப்பலாம் என எண்ணித் தம் படகைத் தாமே கவிழ்த்தார். ரிஷிரி என்னும் தீவில் ஐனு மக்கள் அவரைக் கண்டனர். பின்னர் அதிகாரிகள் கைது செய்து நாகசாக்கிக்கு அனுப்பினர்.

அங்கே, காவலில் வைக்கப்பட்ட அறையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. ஒல்லாந்த மொழி அறிந்த அரசாங்க மொழிபெயர்ப்பாளர் 14 பேர் அவரிடம் மாணாக்கராக வந்தனர். ஒவ்வொருவராக ஆங்கிலத்தை உரத்து வாசிப்பர். அவர் உச்சரிப்பைத் திருத்துவார். தாம் பொறுக்கிச் சேர்த்த யப்பானியச் சொற்களைக் கொண்டு பொருள் உணர்த்துவார். இவ்வாறு சுமார் ஏழு மாதம் கழிந்தது. 1849ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அமெரிக்கப் போர்க்கப்பலொன்று வந்து அவரை அழைத்துச் சென்றது. மொரியாமா எயினொசுக்கே என்ற மாணாக்கர் அவர்களுள் தலைசிறந்தவர். ஐந்து ஆண்டுகளின் பின், 1854இல், அமெரிக்கத் தளபதி பெரி யப்பானுடன் உடன்படிக்கை பேசியபோது மொழிபெயர்ப்பாளராக முன் நின்றவர் அந்த மொரியாமாவே.

அம்மாணாக்கருக்கு ஆங்கிலத்தின் ல-ஒலி 'ர' ஆகிவிட்டதென்றும், சொல்லிறுதி மெய்யோடு ஓர் உயிரைச் சேர்த்து உச்சரித்தனர் என்றும் மக்டொனால்ட் குறித்துள்ளார். இதை வாசித்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது. 'புக்' என்பதைப் 'புக்கு' என்றும், 'பெஞ்ச்' என்பதைப் 'பெஞ்சு' என்றும் நம் பிள்ளைகள் சொல்லக் கேட்டுக் கேட்டே எமது தலை நரைத்தது. வல்லின மெய்யிற் சொல் முடிவதைத் தமிழ் நாவும் பொறாது, யப்பானிய நாவும் பொறாது. நம்மவர் குற்றியலுகரம் சேர்த்து இளைப்பாறுவர். அவர்கள் தங்களுக்கு இசைந்த உயிரைச் சேர்ப்பர். பிழையென்று இதனை அடித்துத் திருத்துவதிலும், மாணாக்கனின் தாய்மொழி இயல்பு இது என்று உணர்ந்து திருத்துவதே நல்லாசிரியன் செயல். வங்கியை விட்டோடிய அந்த மாலுமிக்கு இந்த உணர்வு எந்தக் கலாசாலையிலும் புகட்டப்படவில்லை. காதைத் தீட்டிக் கேட்டார், அவ்வளவே.

மற்றொருவர் அனா லியனோவென்ஸ் அம்மையார். சீயம் தேசத்து மொங்குட் மன்னர், தம் தேவியருக்கும் மக்களுக்கும் ஆங்கிலம் போதிக்க 1862இல் இவரைப் பாங்கொக்குக்கு அழைத்தார். இவரும் பட்டதாரி அல்லர். கணவனை இழந்து, சிங்கப்பூரில் சிறு பள்ளி நடத்திப் பிள்ளைகளை வளர்த்து வந்தவர். ஐந்தாண்டுகள் அரண்மனையில் கற்பித்தார். பின்னாளில் சூலலங்கோர்ன் மன்னராய் விளங்கிய இளவரசரும் அவரிடம் படித்தவரே. இவர் சரிதத்தில் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொன்று. தாம் வேல்ஸ் நாட்டிற் பிறந்தவர் என்றே வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். உண்மையில் அவர் 1831இல் இந்தியாவின் அகமத்நகரிற் பிறந்தவர். தாய்வழியில் இந்திய இரத்தமும் கலந்திருந்ததென்பது ஆராய்ச்சியாளர் முடிபு. அவர் 1915இல் இறந்தார். உண்மை வெளிப்பட அதன்பின் அறுபது ஆண்டளவு சென்றது. ஆங்கிலம் அவருக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தும், பிறந்த ஊரை மறைத்தாலன்றி மதிப்புக் கிடையாதென அஞ்சினார் போலும்.

அந்த அச்சம் இன்று பழங்கதையாகிவிட்டது என்று எவரேனும் கூறின், அவர் தென் கொரியாவின் விசா விதியை ஒருமுறை வாசிப்பாராக. அங்கு அந்நிய மொழி போதிக்கும் ஆசிரியர்க்கு வழங்கப்படும் ஈ-2 விசாவுக்கு இளமாணிப் பட்டம் வேண்டும். அத்துடன், ஆங்கிலம் கற்பிக்க விரும்புபவர் பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்னும் ஏழு நாடுகளுள் ஒன்றன் பிரசையாக இருத்தல் வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்பவர் கலாநிதிப் பட்டம் பெற்றவராயினும் அவ்வாசல் எளிதில் திறவாது. சீனாவும் பட்டத்தோடு, ஆங்கிலம் தாய்மொழியாக வழங்கும் நாட்டுக் குடியுரிமையையே பெரிதும் நாடுகின்றது. யப்பான் அரசாங்கம் 1987இல் தொடங்கிய 'ஜெட்' திட்டத்தில் சேருவதற்கும் பட்டம் இன்றியமையாதது. கொரியக் கிராமப் பாடசாலைகளுக்காக 2008இல் ஆரம்பிக்கப்பட்ட 'டோக்' என்னும் திட்டம் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காத இளைஞரையும் ஏற்றது. அதுவும் பின்னர் நிறுத்தப்பட்டது.

வீட்டிலிருந்தே கணினித் திரையிற் சீனச் சிறுவர்க்குப் பாடம் சொல்லும் தொழிலொன்று சில ஆண்டுகள் செழித்தது. 2021 யூலையில் சீன அரசாங்கம் தனியார் போதனை நிலையங்களைக் கட்டுப்படுத்தி, வெளிநாட்டிலுள்ள ஆசிரியரைக் கொண்டு பாடசாலைச் சிறுவர்க்குக் கற்பிப்பதைத் தடுத்ததும் அத்தொழில் சரிந்தது. ஓர் அரசாங்கத்தின் ஒரு கட்டளையில் பிழைப்பு அற்றுப்போகும் என்பதை இதில் இறங்குவோர் நினைவில் வைத்தல் நன்று.

ஒரு காலத்தில் நிலைமை இத்துணை இறுக்கமாக இருந்ததில்லை. பிரித்தானியாவில் 1958இல் தொண்டர் சேவையொன்றை நிறுவிய அலெக் டிக்சன், பாடசாலையை விட்டு அப்பொழுதுதான் வெளியேறிய 18 வயது இளைஞரையே கடல் கடந்து அனுப்பினார். சில ஆண்டுகளுள் அதுவும் பட்டதாரிகளை நாடத் தலைப்பட்டது. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு வகுப்பைக் கட்டியாளுவது எத்துணை கடினம் என்பது எமக்குத் தெரியுமாதலின், இம்மாற்றத்தை நாம் குறை கூறோம்.

பட்டமில்லாதவர்க்கு மெய்யான வாயில் ஒன்று திறந்தது அதே காலத்திலேதான். ஜோன் ஹேகிராப்ட் என்பவரும் அவர் மனைவி பிரிட்டாவும் 1953இல் ஸ்பெயின் தேசத்துக் கோர்டோபா நகரில் மொழிப் பள்ளியொன்று தொடங்கினர். 1959இல் இலண்டனிலும் ஒன்று நிறுவினர். பள்ளி வளர வளர ஆசிரியர் தேவைப்பட்டனர். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் எவ்வளவோ பேர். கற்பிக்கத் தெரிந்தவர் சிலரே. ஆகவே 1962இல் இரண்டு வாரப் பயிற்சி வகுப்பொன்றை நடத்தினர். அச்சிறு வகுப்பே பின்னர் வளர்ந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பகுதியினர் வழங்கும் 'செல்ட்டா' என்னும் சான்றிதழாயிற்று. இதற்குப் பட்டம் கேட்பதில்லை. வயது பதினெட்டு நிரம்பி, பல்கலைக்கழகத்தில் நுழையத்தக்க கல்வித் தரமும் மிக உயர்ந்த ஆங்கில அறிவும் இருந்தாற் போதும்; எழுத்துப் பயிற்சியும் நேர்முகமும் வைத்தே சேர்ப்பர். நாலைந்து கிழமைக்குள் ஏறக்குறைய 120 மணிநேரப் பாடம். அதில் ஆறு மணிநேரம், வயது வந்த மெய்யான மாணாக்கர் முன்னிலையில் நின்று கற்பித்துக் காட்டவேண்டும். பரிசோதகர் பின்வரிசையிலிருந்து குறிப்பெழுதுவார். ட்ரினிட்டி கல்லூரி வழங்கும் சான்றிதழும் இத்தகையதே.

அந்த ஆறு மணிநேரத்தைத்தான் பெற்றோர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வார இறுதியில் கணினி முன் அமர்ந்து சில வினாக்களுக்கு விடை குறித்தால் பொன்னெழுத்துச் சான்றிதழ் அனுப்பிவைப்போர் இன்று அநேகர். ஒரு மாணாக்கனின் முகத்தையேனும் காணாமற் பெறும் ஆசிரியச் சான்றிதழ், நீரில் இறங்காமல் நீச்சல் கற்றவனுக்குக் கொடுத்த பரிசு போன்றது. தரமான பாடசாலைகள் அதனைப் புரட்டியும் பாரா.

இனி, ஆங்கிலம் பிறப்புரிமையாக இல்லாதவர் நல்ல ஆங்கில ஆசிரியராதல் கூடுமோ என்ற ஐயத்தை எடுத்துக்கொள்வோம். இதில் நமக்குத் தலைகுனிவு வேண்டியதில்லை. 'தாய்மொழியாளரே தலைசிறந்த ஆசிரியர்' என்னும் கொள்கை வெறும் மயக்கம் என்று றொபேட் பிலிப்சன் என்னும் ஆங்கில அறிஞரே 1992இல் எழுதினார். தாமே அம்மொழியை இடறி விழுந்து கற்றவருக்கு மாணாக்கன் எங்கே இடறுவான் என்பது முன்கூட்டியே தெரியும் என்று ஹங்கேரி நாட்டுப் பீற்றர் மெட்யெஸ் வாதித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே போர்க்காலத்தில் ஆங்கிலம் போதித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராகிய சுரேஷ் கனகராஜா, நம்மூர் வகுப்பறைகளை ஆதாரமாகக் கொண்டே 1999இல் ஒரு நூல் வெளியிட்டார்; ஆங்கிலம் கற்பிப்போர் உலகெங்கும் அதனைப் படிக்கின்றனர். அறிஞர் உலகம் தெளிந்துவிட்டது. விசா எழுதும் மேசைகளுக்கு அத்தெளிவு இன்னும் எட்டவில்லை.

விதி தளர்ந்த நாடுகள் இல்லையோவெனின், உண்டு. கம்போடியாவிலும் லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவற்றிலும் தனியார் மொழிப் பள்ளிகள் பட்டமில்லாதவரையும் அமர்த்தி வந்துள்ளன. எனினும் அங்கும் வெள்ளைத் தோலுக்கு ஒரு விலை, நம் தோலுக்கு ஒரு விலை என்று பாகுபாடு காட்டும் பள்ளிகள் உண்டு. சம்பளம் சொற்பம், விமானச் சீட்டும் நம் செலவு. "முதலில் உல்லாசப் பயண விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம்" என்பவர் பேச்சை நம்பிச் செல்வது சட்டவிரோதமாக வேலை செய்யச் செல்வதேயாகும். பிடிபட்டால் ஆசிரியர் அபராதத்துக்கும் நாடு கடத்தலுக்கும் ஆளாகலாம்.

இதனினும் கொடியதொன்றுண்டு. தாய்லாந்தில் கணினி உத்தியோகம், கைநிறையச் சம்பளம் என்ற சொல்லை நம்பிப் புறப்பட்ட இலங்கை இளைஞர்கள் அண்மைய ஆண்டுகளில் மியன்மாரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுத் துன்புற்ற செய்தியை 2023, 2024ஆம் ஆண்டுகளிற் பத்திரிகைகளில் வாசித்தோம். அம்முகாம்கள் தேடியது கணினியும் ஆங்கிலமும் அறிந்த பிள்ளைகளை. ஆகலின் எந்த முகவர் வரினும், அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உடையவரோ, குறிப்பிட்ட அந்த வேலைக்கு அங்கீகாரம் பெற்றவரோ என்று பணியகத்திலேயே நேரில் விசாரித்தறிய வேண்டும். பள்ளியின் பெயரில் வந்த ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம், கற்பிக்கும் மணிநேரம், தங்குமிடம், திரும்பி வருஞ் செலவு ஆகியன எழுத்தில் இருத்தல் வேண்டும். கடவுச்சீட்டை எவர் கேட்பினும் கையளிக்கலாகாது.

எம்மிடம் வந்து கேட்கும் பிள்ளைகளுக்கு நாம் முதலிற் காட்டும் வழி விமான நிலையத்துக்குப் போவதன்று. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள் உயர்தரம் சித்தியெய்தியவரைச் சேர்த்து, பட்டம் கேளாமலே ஆங்கில ஆசிரியராகவும் பயிற்றுகின்றன. இரண்டாண்டு கல்லூரியிலே தங்கிப் படிப்பு. மூன்றாமாண்டு பாடசாலையொன்றில் உள்ளகப் பயிற்சி. முடிவில் கற்பித்தல் டிப்ளோமா. படிப்புச் செலவுக்குக் காணி ஈடு வைக்கவேண்டியதில்லை. கிராமப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் போதாக்குறையோ நெடுங்காலமாக உண்டு. சில ஆண்டுகள் அங்கே கற்பித்து, மாலை வேளைகளில் வெளிவாரிப் பட்டத்துக்கோ திறந்த பல்கலைக்கழகப் பட்டத்துக்கோ படித்தவர், பிறகு 'செல்ட்டா'வையும் பெற்றாராயின் வெளிநாட்டுப் பள்ளியொன்றுக்கு எழுதும் விண்ணப்பத்தில் வகுப்பறை அனுபவம் என்ற பகுதியை வெறுமையாக விடவேண்டியிராது. கல்வியியற் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவரும். உயர்தரப் பெறுபேற்றுடன் சாதாரணதர ஆங்கிலப் பாடச் சித்திப் பத்திரத்தையும் இப்பொழுதே தேடி எடுத்து வைத்துக்கொள்க.