படம் போட ஆயிரம் இடம் இருக்கு, பேட்டர்ன் போட?



இந்தக் கிழமை எபிசோட்டில நேரம் போதாமல் பாதியில விட்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லண்டனில ஃபேஷன் டிசைன் படிச்சு முடிச்ச இரண்டு தங்கச்சிமார், எங்கட நேயர்கள்தான், ஒரு கேள்வி அனுப்பியிருந்தினம். "இப்பதான் தொடங்கிற டிசைனர்களும் ஏற்கெனவே வேலை செய்யிற டிசைனர்களும் ஒன்றாக இருக்கிற ஒரு ஆன்லைன் இடம் கட்ட வேணும். டிஸ்கார்டில ஒரு சர்வர் திறந்தால் போதுமா அண்ணா?" கடந்த மூன்று மாதமாக, கொன்ட்ராக்ட் வேலை முடிஞ்ச பின்னேரங்களில, அவையளோட இருந்து இதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கிறதுக்கு மேல ஒன்றும் தெரியாது. டேட்டாபேஸ் தெரியும். இந்த வேலைக்கு அது நான் நினைச்சதை விடக் கூடத் தேவைப்பட்டது.

டிஸ்கார்ட் போதாது என்பதுதான் என்ட பதில். சாட் என்பது ஓடுற தண்ணி. திங்கட்கிழமை ஒருத்தி கைக்குழி ஏன் இழுக்குது என்று கேட்டு, அனுபவமுள்ள ஒருவர் அரை மணித்தியாலம் செலவழிச்சு அருமையான பதில் எழுதுவார். வெள்ளிக்கிழமை அதே கேள்வியோட இன்னொருத்தி வருவா. அந்தப் பதில் மேல எங்கேயோ போயிருக்கும். மூன்றாவது தடவை அந்த அனுபவசாலி பதில் எழுத மாட்டார். நாலாவது தடவை அவர் அங்கே இருக்கவே மாட்டார்.

அதனால முதல்ல கேட்க வேண்டியது எந்த ஆப் என்று இல்லை. ஆக்கள் எந்தப் பொருளைச் சுற்றி இருக்கப் போகினம் என்பதுதான்.

இதுக்கு நல்ல உதாரணம் ஃபேஷன் உலகத்துக்குப் பக்கத்து வீட்டில இருக்கு. ரேவல்ரி. கம்பளி நூலால பின்னுறவைக்காக 2007இல ஜெசிகா ஃபோர்ப்ஸ், காஸிடி ஃபோர்ப்ஸ் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில தொடங்கினது. ரூபி ஆன் ரெயில்ஸில எழுதினது. கனகாலம் ஒரே ஒரு புரோகிராமர்தான். இன்றைக்குப் பல மில்லியன் உறுப்பினர்கள். அதின்ட உள்ளுக்குள்ள இருக்கிற எண்ணம் எளிமையானது. பேட்டர்னுக்கு ஒரு டேபிள், நூலுக்கு ஒரு டேபிள், நடுவில இரண்டையும் இணைக்கிற புராஜெக்ட் என்ற டேபிள். நீங்க ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினால், எந்தப் பேட்டர்ன், எந்த நூல், எந்த ஊசி, எந்த அளவு, என்ன மாற்றம் செய்தனீங்க என்று ஒரு வரிசை பதியுது. உங்களுக்கு அது உங்கட சொந்த நோட்டுப் புத்தகம். ஆனால் அதே பேட்டர்னை வேறொருவர் திறந்தால், அதைப் பின்னின எல்லாருடைய அனுபவமும் ஒரே பக்கத்தில வரும். இந்த நூலில பின்னினால் கழுவினாப் பிறகு நீளும், கை கொஞ்சம் குட்டை, இப்படியெல்லாம். ஒருவரும் "மற்றவைக்கு உதவுவோம்" என்று உட்கார்ந்து எழுதத் தேவையில்லை.

இதில இன்னொரு நன்மையும் இருக்கு. புதுசா ஒரு இடம் திறந்தால் முதல் நாள் அங்கே ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாத இடத்துக்கு ஒருவரும் வர மாட்டினம். கம்யூனிட்டி கட்டுற எல்லாரும் முட்டி நிற்கிற சுவர் இது. ஆனால் நோட்டுப் புத்தகமாகத் தனி ஆளுக்கே பயன்படுற ஒன்றைக் கொடுத்தால், பக்கத்தில ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அவ பாவிப்பா. கூட்டம் ஆறுதலா வரட்டும்.

இதை எதிர்ப்பக்கமாகச் செய்தது த்ரெட்லெஸ். 2000இல சிகாகோவில இரண்டு பெடியன்கள் ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கினது. யாரும் டீ-ஷர்ட் டிசைன் அனுப்பலாம், மற்றவை பூச்சியத்திலயிருந்து ஐந்து வரை புள்ளி போடுவினம், வென்றதை அச்சடிச்சு விற்பினம். நல்லா ஓடினது. ஏனென்றால் டீ-ஷர்ட் எல்லாம் ஒரே வெட்டு. மாறுறது முன்பக்கப் படம் மட்டும்தான். படத்துக்குப் புள்ளி போடலாம். ஆனால் ஒரு ஜாக்கெட்டின்ட தோள் சரியா உட்காருதா என்று படத்தைப் பார்த்துப் புள்ளி போட ஏலாது. தங்கச்சிமார் முதல்ல வைச்சிருந்த வரைபடத்தில வாக்களிப்பு ஒன்று இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி நான் கொஞ்சம் கடுமையாகவே சண்டை பிடிச்சேன். உதவி கேட்க வந்தவளைப் போட்டியாளர் ஆக்கிறதுக்கு இன்ஸ்டாகிராமே காணும்.

அப்ப உடுப்புக்கு நடுவில வைக்க வேண்டிய பொருள் எது? இதைக் கண்டுபிடிச்சது நானில்லை, அவைதான். உண்மையான துணியை வெட்ட முதல், மலிவான துணியில ஒரு மாதிரி தைச்சு உடம்பில போட்டுப் பார்ப்பினம். இங்கே அதை ட்வால் என்பினம், அமெரிக்காவில மஸ்லின். அந்தப் போட்டுப் பார்க்கிற நேரம், அதாவது ஃபிட்டிங், அதுதான் எங்கட நடு டேபிள். எந்த டிசைன், பேட்டர்னின்ட எத்தனையாவது வெர்ஷன், என்ன துணி, என்ன உடம்பளவு, எங்கே பிழைச்சது, என்ன மாற்றினதும் சரிவந்தது. ஆறு கட்டம். முன்னால, பின்னால, பக்கவாட்டில மூன்று படம். போட்டுப் பார்த்த ஆளின்ட பெயரோ முகமோ தேவையில்லை, சேமிக்கவும் இல்லை. ஒரு பொம்பிளையின்ட இடுப்பளவு என்பது அவட தனிப்பட்ட தகவல், அது எங்கட சொத்தில்லை.

இப்ப "கைக்குழி இழுக்குது" என்று தேடினால், அதே பிரச்சினை வந்த ஃபிட்டிங்குகளும் ஒவ்வொன்றிலும் எது சரிப்படுத்தினது என்பதும் வரும். அந்த அனுபவசாலி ஒரு தடவை எழுதினால் போதும்.

பேட்டர்ன் என்று சொல்லேக்க எனக்கு மிகவும் பிடிச்ச விஷயத்துக்கு வாறேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த யூஸ்ட் டி காக் என்பவர் தொடங்கின ஃப்ரீசோயிங் என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டம் இருக்கு. அதில பேட்டர்ன் என்பது படம் இல்லை, ஜாவாஸ்கிரிப்ட் கோட். உங்கட அளவுகளைக் கொடுத்தால் உங்களுக்கென்றே கோடு வரையும். வழமையான முறையில ஒரு அளவில பேட்டர்ன் செய்து, பிறகு அதை மற்ற சைஸுகளுக்குக் கூட்டிக் குறைப்பினம். அதுக்குக் கிரேடிங் என்று பெயர். போனில படத்தைப் பெரிசாக்கிற மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் கூட்ட ஏலாது. நெஞ்சுச் சுற்றளவு கூடுற அளவுக்குக் கழுத்து கூடாது, தோள் அகலமும் குறைவாகத்தான் கூடும். எது எவ்வளவு கூட வேணும் என்பதுதான் பேட்டர்ன் வெட்டுறவையின்ட அனுபவம். கோடாக எழுதினால் அந்த அனுபவம் ஃபார்முலாவாக வெளியில தெரியும். மற்றவர் அதை வாசிக்கலாம், திருத்தலாம், கிட்ஹப்பில செய்யிற மாதிரி ஃபோர்க் பண்ணலாம்.

எங்கட வீடுகளில இதுக்கு முந்தின வெர்ஷன் ஒன்று இருக்கு: அளவுச் சட்டை. ஊருக்கு யாராவது போகேக்க, சரியா உட்காருற ஒரு பழைய சாரிச் சட்டையைத் துணியோட சேர்த்து அம்மாமார் குடுத்து விடுவினமே, அதுதான். தையல்காரர் அதை விரிச்சு அளந்து புதுசு தைப்பார். அளவு எல்லாம் அதுக்குள்ள இருக்கு, ஆனால் ஒரு எண்ணும் எழுதப்படவில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் பாஷையில சொன்னால், சோர்ஸ் கோட் இல்லாத பைனரி. அம்மா கொஞ்சம் உடம்பு வைச்சால் எங்கே எவ்வளவு விட வேணும் என்று அந்தச் சட்டை சொல்லாது. தங்கச்சிமாரில ஒருத்தியின்ட முதல் புராஜெக்ட் சாரிச் சட்டையை அளவுகளால ஓடுற பேட்டர்னாக எழுதுறது. முன்பக்க டார்ட் இப்பவும் அவவுக்குத் தலையிடி குடுக்குது.

சரி, இனிப் பயமான பகுதி. வேலை செய்யிற டிசைனர்களோட கதைச்சபோது எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "நான் பாதியில காட்டினதை யாராவது களவெடுத்தால்?" இது சும்மா பயமில்லை. அமெரிக்காவில உடுப்பின்ட வெட்டுக்குப் பதிப்புரிமை கிடையாது, ஏனென்றால் உடுப்பு பயன்பாட்டுப் பொருள். 2017இல ஸ்டார் அத்லெடிக்கா வழக்கில அங்குள்ள உச்ச நீதிமன்றம் சியர்லீடர் உடுப்பில இருந்த கோடுகள், நிற வடிவங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கலாம் என்றது. உடுப்பின்ட வெட்டுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில பதியாத டிசைனுக்கே மூன்று வருஷப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அந்த மூன்று வருஷம் முதன்முதல் ஒன்றியத்துக்குள்ள பொதுவில காட்டின நாளிலயிருந்து ஓடும். பிரிட்டன் வெளியேறினாப் பிறகு இங்கே இதே மாதிரித் தனியா ஒன்று. லண்டனில முதல் காட்டினால் ஐரோப்பிய உரிமை தானாகச் சேர்ந்து வராது. பதிவு செய்ய விரும்பினால் இரண்டு இடத்திலும் காட்டினதிலயிருந்து 12 மாதம் அவகாசம். நான் வக்கீல் இல்லை. உங்கட டிசைனுக்குக் காசு வரப்போகுது என்றால் ஒரு வக்கீலைக் கேளுங்கோ.

ஆனால் புரோகிராமருக்கு இதில ஒன்று உடனே விளங்கும்: "பொதுவில காட்டின நாள்" என்பது சட்டத்தில ஒரு கடிகாரத்தைத் தொடக்கி வைக்குது. அப்ப என்ட பட்டன் எதையும் தற்செயலாகப் பொதுவில விடக்கூடாது. ரகசியம் காப்பேன் என்ற நிபந்தனையோட காட்டுறது ஐரோப்பியச் சட்டத்தில பொதுவில காட்டினதாகக் கணக்கில்லை. அதனால எங்கட இடத்தில எதைப் போட்டாலும் முதல்ல அது ஆறு பேர் வட்டத்துக்குள்ளதான். வட்டத்துக்குள்ள வாறவர் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் வருவார். பொதுவில திறக்கிறதுக்குத் தனிப் பட்டன், அதை அமத்தினால் இரண்டாம் தரம் கேட்கும். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் திகதியும், கோப்பிலயிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண்ணும் பதியும். கோப்பில ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிப்போகும், எனவே "இந்தத் திகதியில இது என்னட்ட இருந்தது" என்று காட்ட ஒரு சான்று இருக்கும். களவை அது நிறுத்தாது. சண்டை வந்தால் கையில ஒரு கடதாசி இருக்கும், அவ்வளவுதான்.

களவை விடவும் பெரிய இழப்பு ஒன்றையும் சொல்ல வேணும். பாலிவோர் ஞாபகம் இருக்கா? உங்களில 25 தாண்டினவைக்கு இருக்கும். 2007இல தொடங்கினது. உடுப்பு, சப்பாத்து, கைப்பை எல்லாத்தின்ட படங்களையும் வெட்டி ஒட்டி "செட்" செய்யிற இடம். எத்தனையோ பிள்ளைகள் ஸ்டைலிங் பழகினது அங்கேதான். 2015இல யாஹூ வாங்கினது. 2018 ஏப்ரலில மொன்றியலைச் சேர்ந்த எசென்ஸ் என்ற கடை அதை வாங்கி, அறிவிச்ச அன்றைக்கே மூடினது. செட்டுகளை இறக்கி வைக்கக் குடுத்தது சில கிழமைதான். வருஷக்கணக்காக ஒன்றாக இருந்த ஆக்கள் ஒரே நாளில ஒருவரை ஒருவர் தொலைச்சினம். அவையின்ட செட்டுகளைக் கோப்பாகக் குடுக்கலாம், அதைச் சுற்றி இருந்த உறவை எந்தக் கோப்பில குடுக்கிறது? எங்கட இடத்தில எக்ஸ்போர்ட் பட்டன் லொகின் பக்கத்துக்கு அடுத்ததாக எழுதின இரண்டாவது அம்சம். உங்கட பேட்டர்ன், ஃபிட்டிங், உங்கட வட்டத்தில சம்மதிச்சவையின்ட ஈமெயில் எல்லாம் ஒரே சிப் கோப்பில வரும்.

காசுக் கதையும் கொஞ்சம். சர்வர் செலவு சின்னது, மாதத்தில ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. பெரிய செலவு ஆள் நேரம். பிரிட்டனில 2025 மார்ச்சிலயிருந்து ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஆக்கள் தங்களுக்குள்ள பகிர்ந்துகொள்ளுற எந்தச் சேவையும், சின்னதென்றாலும், சட்டவிரோத உள்ளடக்கம் வரக்கூடிய ஆபத்துகளை மதிப்பிட்டு எழுதி வைக்க வேணும். முப்பது பேர் இருக்கிற எங்கட இடத்துக்கும்தான். அந்தப் பத்திரத்தை இரண்டு சனிக்கிழமை இருந்து எழுதினோம். அலுப்புத்தான். ஆனால் எழுதேக்கதான் ஃபிட்டிங் படங்களை யார் பார்க்கலாம், 18 வயசுக்குக் குறைஞ்சவையை என்ன செய்யிறது என்ற கேள்விகளுக்கு நேராக நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது.

அனுபவமுள்ளவை ஏன் இருக்க வேணும் என்பதுக்கு எங்களிட்ட இப்போதைக்கு அரைப் பதில்தான் இருக்கு. பழகிறவைக்குப் பதில் வேணும்; வேலை செய்யிறவைக்குப் பேட்டர்ன் வெட்டுற ஆள், சாம்பிள் தைக்கிற மெஷினிஸ்ட், ஐம்பது துண்டு மட்டும் தைச்சுத் தர ஒத்துக்கொள்ளுற தொழிற்சாலை வேணும். ஒருவரின்ட ஃபிட்டிங் குறிப்புகளைப் படிச்சால் அவவுக்கு வேலை தெரியுமா என்று ஐந்து நிமிஷத்தில விளங்கிடும், சீவி தேவையில்லை. போன மாதம் அப்படி ஒருத்திக்கு ஒரு ஸ்டூடியோவில மூன்று நாள் சாம்பிள் வேலை கிடைச்சது. சம்பளத்தோட. இலவச இன்டர்ன்ஷிப் விளம்பரம் போட எங்கட இடத்தில அனுமதி இல்லை. இதில மட்டும் மூன்று பேருக்கும் விவாதமே வரவில்லை.

அடுத்த எபிசோட்டில அந்த இரண்டு பேரும் மைக்குக்கு வருகினம். சாரிச் சட்டை டார்ட்டை ஃபார்முலாவாக எழுதத் தெரிஞ்சவை யாராவது இருந்தால், வியாழக்கிழமைக்கு முதல் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ.