பிள்ளையின் உயரம்: மரபும் வளர்ப்பும்

 

“உம்மா குட்டை, பிள்ளையும் குட்டையாகத்தான் இருப்பான்” என்று பல வீடுகளில் சொல்லிவிடுகிறோம். அதோடு பிள்ளையின் வளர்ச்சியைக் கவனிப்பதையும் விட்டுவிடுகிறோம். இந்தப் பேச்சில் பாதி உண்மைதான் இருக்கிறது.

நல்ல உணவும் சுகமும் கிடைத்து வளர்ந்தவர்களிடையே காணும் உயர வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணுவால் வருவது. இது ஒரே ஒரு மரபணுவின் வேலை அல்ல. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய சுமார் 12,000 மரபணு வேறுபாடுகளைக் கண்டது. உடன்பிறந்தவர்களில் ஒருவர் நெட்டையாகவும் மற்றவர் குட்டையாகவும் இருப்பது இதனால்தான்.

மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தாய், தந்தை உயரத்தின் சராசரியோடு மகனுக்கு 6.5 செ.மீ. கூட்ட வேண்டும், மகளுக்கு 6.5 செ.மீ. கழிக்க வேண்டும். தந்தை 168, தாய் 152 என்றால் மகன் ஏறத்தாழ 166, மகள் 153. இதில் சில செ.மீ. கூடலாம், குறையலாம்.

ஆனால் மரபு தரும் உயரத்தை எட்டுவதற்கு வளர்ப்பு துணை நிற்க வேண்டும். 1914இல் 18 வயதாக இருந்த தென்கொரியப் பெண்களைவிட, 2014இல் 18 வயதான பெண்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம். நூறு ஆண்டில் மரபணு மாறிவிடவில்லை. உணவும் சுகாதாரமும் மாறின.

நம் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இந்த வளர்ச்சிக் குறைவு படிப்பையும் நோய் எதிர்ப்பையும் பாதிக்கும்.

கவனிக்க வேண்டியவை:

• கருவுற்றது முதல் இரண்டு வயது வரையிலான காலமே முக்கியம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு பருப்பு, முட்டை, மீன், கீரை. முழுமையாகப் பாலூட்ட இரண்டு ஆண்டுகள் என்று திருக்குர்ஆன் (2:233) கூறுவதும் நாம் அறிந்ததே.

• அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் சாப்பிட்டதை உடலில் சேரவிடாது. சுத்தமான குடிநீர், சோப்புப் போட்டுக் கைகழுவுதல், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் புழுமாத்திரை ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள்.

• பெண்பிள்ளைகளின் சாப்பாட்டில் குறை வைக்காதீர்கள். இன்று அவர்களுக்குள்ள இரத்தசோகை, நாளை அவர்கள் பெறும் குழந்தையையும் பாதிக்கலாம்.

• நல்ல தூக்கமும் ஓடியாடும் விளையாட்டும் தேவை.

• எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித்தட்டு மூடியபின் எந்த மாவும் மாத்திரையும் உயரத்தைக் கூட்டாது. அந்தப் பணத்தில் முட்டையும் பயறும் வாங்குங்கள்.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளன்றும் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போடுங்கள். நான்கு வயதுக்குப்பின் ஆண்டுக்கு 5 செ.மீ. அளவாவது வளர வேண்டும். 4 செ.மீ.க்கும் குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு போன்றவற்றை வளர்ச்சித்தட்டு மூடும் முன் கண்டறிந்தால் சிகிச்சை உண்டு.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்கள் வளரத் தேவையானதைச் செய்வது நம் கடமை. அதன்பிறகு அமையும் உயரம் அல்லாஹ்வின் நாட்டம். எனவே யாரையும் “குள்ளன்” என்று அழைக்க வேண்டாம். பட்டப்பெயர் சூட்டுவதைத் திருக்குர்ஆன் (49:11) தடுக்கிறது.