ஒற்றைப்பக்க வலைச்செயலிகளுக்குரிய சட்டகங்கள்: ஓர் ஒப்பீடு

வலைப்பக்கம் என்பது தொடக்கத்தில் அச்சிட்ட ஓர் ஏட்டினையே ஒத்திருந்தது. சுவிற்சர்லாந்தின் சேர்ண் ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்த அமைப்பின் நோக்கம், ஆய்வாளர்தம் அறிக்கைகளையும் குறிப்புகளையும் ஒன்றோடொன்று பிணைத்து வைத்தலேயாம். படிப்பவர் ஓர் இணைப்பைத் தெரிந்தால், சேவையகம் புதிய ஏடொன்றை முழுமையாக அனுப்பும். உலாவி பழைய ஏட்டை நீக்கிப் புதியதை விரிக்கும். நூலொன்றைப் புரட்டுதற்கு இம்முறை போதியது. ஆனால், கடிதம் எழுதுதல், கணக்குப் பதிதல், படம் வரைதல் முதலிய தொழில்களை அவ்வேட்டின்மீதே செய்ய மக்கள் முற்பட்டபோது இம்முறை இடர்ப்பட்டது. ஒரு சொல்லைத் திருத்துவதற்கும் ஏடு முழுவதையும் மீள அச்சிட்டு அனுப்புவதாயிற்று அன்றைய நிலை.

இவ்விடரைக் களைதற்கு வேண்டிய கருவிகள் ஒருங்கே தோன்றினவல்ல. நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிறெண்டன் ஐக் என்பார் 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் முதல் வடிவை ஆக்கினார். பக்கத்தை மாற்றாமலே சேவையகத்தினின்றும் தரவை மட்டும் பெறும் வசதி 1999இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் உலாவியில் முதன்முதல் இடம்பெற்றது. இவ்விரண்டும் சேர்ந்தால் யாது விளையும் என்பதை உலகம் உணர்ந்தது 2004இல் ஜிமெயிலும், 2005இல் கூகிள் நிலப்படங்களும் வெளிவந்த பின்னரே. இம்முறைக்கு ஜெஸி ஜேம்ஸ் கரற் என்பார் 2005 பெப்ருவரியில் அஜாக்ஸ் எனப் பெயரிட்டார்.

ஒற்றைப்பக்க வலைச்செயலி என்பது இதன் முதிர்ந்த நிலை. சேவையகம் ஒரேயொரு பக்கத்தை ஒருமுறை அனுப்பும். அதன்பின் பயனர் எங்குச் சென்றாலும் பக்கம் மாறுவதில்லை. உலாவியினுள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ற் நிரலே பழைய காட்சியை அகற்றிப் புதிய காட்சியை அமைக்கும். முகவரிப் பட்டையில் உள்ள முகவரியையும் அந்நிரலே மாற்றிவைக்கும். ஆதலின் பல பக்கங்கள் வந்து போவதான தோற்றம் உண்டாகும்.

ஈண்டு எழும் இடர்ப்பாடு யாது? எடுத்துக்காட்டாக, கடிதப் பெட்டியொன்றைக் கருதுக. படிக்கப்படாத கடிதங்களின் தொகை மேற்பட்டையில் ஓரிடத்தும், இடப்புறப் பட்டியலில் ஓரிடத்தும், சாளரத்தின் தலைப்பில் ஓரிடத்தும் தோன்றுவதாகக் கொள்க. உண்மை ஒன்று, அதன் தோற்றம் மூன்று. கடிதமொன்றைப் படித்தவுடன் மூன்று தோற்றங்களும் ஒருங்கே மாறுதல் வேண்டும். 2006இல் ஜோன் றெசிக் என்பார் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் நிரல் நூலகம் ஒவ்வோர் இடத்தையும் எளிதிற் கண்டு மாற்ற உதவியது. ஆயினும், எவ்வெவ்விடங்களை எப்போது மாற்றுவது என்பதை நிரலர்தாமே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். செயலி வளர வளர அந்நினைவு தவறுதல் இயல்பு. பேஸ்புக் நிறுவனமே இதற்குச் சான்று. புதிய செய்தி உண்டெனத் தொகை காட்டும். திறந்து பார்த்தால் செய்தி எதுவும் இராது. இக்குறையைத் திருத்தினால் சில காலத்தின்பின் அது மீண்டும் தலைகாட்டும். இவ்வனுபவத்தை அந்நிறுவனத்தின் பொறியியலாளர் 2014இல் தாமே வெளிப்படக் கூறினர். சிறியதொரு தொகையைச் சரியாகக் காட்டுதல் இத்துணை அரிதாயின், பெரியனவற்றைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

நிலையையும் தோற்றத்தையும் ஒன்றுபடுத்தி வைக்கும் பொறுப்பை நிரலரிடமிருந்து தன்மேல் ஏற்றுக்கொள்வதே சட்டகத்தின் தலையாய தொழில். நிரல் நூலகத்துக்கும் சட்டகத்துக்கும் உள்ள வேறுபாடும் ஈண்டு நோக்கத்தக்கது. நூலகத்தை நிரலர் வேண்டும்போது அழைப்பார். சட்டகமோ நிரலர் எழுதியவற்றைத் தான் வேண்டும்போது அழைக்கும். 2010இல் ஜெரமி அஷ்கனாஸ் வெளியிட்ட பாக்போன் மெலிந்த ஓர் அமைப்பை மட்டும் தந்து, தோற்றத்தை மாற்றும் வேலையைப் பெரிதும் நிரலரிடமே விட்டது. பின்வந்தவை அவ்வேலையைத் தாமே ஏற்றன. அவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வேகத்தையும் எழுத்து முறையையுமே ஒப்பிடுவர். ஆனால் அவை உண்மையில் வேறுபடுவது ஒரு வினாவுக்கு அளிக்கும் விடையிலேயே: நிலை மாறியதென்பதைச் சட்டகம் எங்ஙனம் அறிகின்றது?

கூகிள் நிறுவனத்தில் மிஷ்கோ ஹெவரி தொடக்கிய ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வெளிவந்தது. அதன் விடை மிக எளியது: எல்லாவற்றையும் பார்த்துவிடு. பக்கத்திற் காட்டப்படும் ஒவ்வொரு மதிப்பின் பழைய வடிவையும் அது நினைவில் வைத்திருக்கும். பயனர் ஓர் எழுத்தை அழுத்தினும் மதிப்புகளையெல்லாம் வரிசையாகப் பழையனவற்றோடு ஒப்பிடும். ஒன்று மாறின் அதனால் மற்றொன்று மாறியிருக்கலாமாதலின், மாற்றமெதுவும் இல்லையென்னும் நிலை வரும்வரை மீண்டும் சுற்றிவரும். படிவத்தில் எழுதியது நிலையிலும், நிலையில் உள்ளது படிவத்திலும் தானே சென்று படியும் இருவழிப் பிணைப்பு இதன் சிறப்பு. சிறிய செயலிகளுக்கு இஃது ஒரு மாயம் போன்றிருந்தது. காட்டப்படும் மதிப்புகள் ஆயிரக்கணக்கிற் பெருகியபோது ஒவ்வோர் அசைவிலும் உலாவி தளர்ந்தது.

பேஸ்புக் நிறுவனத்தின் ஜோர்டன் வோக் ஆக்கி, 2013 மே மாதத்திற் பொதுவுக்கு விடப்பட்ட றியாக்ற் வேறொரு விடையை அளித்தது. மாறியது எதுவென்று தேடற்க. காட்சி முழுவதையும் புதிதாக எழுதிவிடுக என்பதே அது. கரும்பலகையில் ஓர் எண் மாறினால் பலகை முழுவதையும் அழித்து எழுதுவதனோடு ஒக்கும் இது எனத் தோன்றலாம். அங்ஙனமன்று. றியாக்ற் முதலிற் காட்சியை நினைவகத்தில் மட்டும் ஒரு மாதிரியாக வரைந்து, முன்னைய மாதிரியோடு ஒப்பிட்டு, வேறுபட்ட எழுத்தை மட்டுமே பலகையில் திருத்தும். இரு மர வடிவங்களைப் பொதுமுறையில் ஒப்பிடுதற்கு வேண்டிய வேலை, உறுப்புகளின் தொகையினது மும்மடிப்பெருக்கத்துக்கு ஏற்ப வளரும். ஆயிரம் உறுப்புகளாயின் நூறு கோடி ஒப்பீடுகள் வேண்டும். றியாக்ற் இரு துணிபுகளால் இச்சுமையைத் தவிர்த்தது. வகை வேறுபட்ட உறுப்புகள் ஒன்றையொன்று ஒவ்வா. ஆதலின் அவற்றின் கீழுள்ளவற்றை ஒப்பிடாது நீக்கிப் புதியன வைக்கலாம் என்பது ஒன்று. பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் நிரலர் ஒரு திறவுச்சொல் இட்டால், இடம்பெயர்ந்தவற்றை அதுகொண்டு அறியலாம் என்பது மற்றொன்று. இவற்றால் ஆயிரம் உறுப்புகளுக்கு ஆயிரத்தின் அளவான வேலையே போதியதாயிற்று. பட்டியலுக்குத் திறவுச்சொல் ஏன் வேண்டுமென்று விளங்காது மாணாக்கர் அதனை ஒரு சடங்குபோல் எழுதுவதுண்டு. அதன் காரணம் இதுவே.

றியாக்ற் முதலில் நகைக்கப்பட்டது என்பதும் அறியத்தக்கது. எச்.ரி.எம்.எல். குறிகளையும் ஜாவாஸ்கிரிப்ற் நிரலையும் ஒரே கோப்பிற் கலத்தல் அன்றைய நன்னெறிக்கு மாறாகக் கருதப்பட்டது. இன்று அம்முறை கொச்சை எனக் கூறுவார் அருகினர்.

கூகிளில் ஆங்குலர்ஜேஎஸ் கொண்டு பணியாற்றிய ஈவன் யூ, அதன்கண் தமக்கு விருப்பமானவற்றை மட்டும் பிரித்தெடுத்து ஆக்கிய வியூ 2014 பெப்ருவரியில் வெளிவந்தது. எல்லாவற்றையும் ஒப்பிடுதலும், எல்லாவற்றையும் மீள எழுதுதலும் இதற்கு வேண்டியனவல்ல. ஒரு மதிப்பை எந்தக் கூறு படிக்கின்றது என்பதை வியூ குறித்து வைத்துக்கொள்ளும். அம்மதிப்பு மாறும்போது படித்த கூறுகளுக்கு மட்டும் அறிவிக்கும். முகவரிப் புத்தகம் வைத்திருக்கும் சந்தா இதழின் முறை இது. தெருவெங்கும் கூவி விற்கவேண்டியதில்லை. ஆயினும், இரண்டாம் பதிப்புவரை ஒரு குறை இருந்தது: பொருளொன்றில் பின்னர் புதிதாகச் சேர்த்த பண்பை அது தானே காணாது. 2020 செப்ரெம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு ஜாவாஸ்கிரிப்ற் மொழியிற் புதிதாக வந்திருந்த பதிலிப் பொருளைக் கொண்டு அக்குறையைத் தீர்த்தது.

நான்காவது விடை, 2016இல் ஸ்வெல்ற் என்னும் பெயரால் வந்தது. இதனை ஆக்கிய றிச் ஹரிஸ் செய்தித்தாள் நிறுவனத்திற் பணியாற்றியவர். கட்டுரையொன்றின் நடுவே அமையும் சிறியதோர் அசையும் வரைபடத்துக்காகப் பெருஞ்சட்டகத்தை வாசகர்க்கு அனுப்புதல் பொருந்தாது என்பதை அத்தொழிலில் உள்ளோர் நன்கறிவர். ஆகவே ஸ்வெல்ற் ஒரு தொகுப்பானாக அமைந்தது. எந்த மதிப்பு மாறினால் எந்த எழுத்து மாறும் என்பதை அது நிரலை வெளியிடு முன்னரே ஆராய்ந்து, அதற்கு வேண்டிய சில வரிகளை மட்டும் எழுதிவைக்கும்.

ஈண்டுப் பயனரை மறத்தல் கூடாது. ஒற்றைப்பக்க வலைச்செயலியில் நிரல் முழுதும் வந்து இயங்கும்வரை திரை வெறுமையாகவே இருக்கும். றியாக்றும் அதன் துணை நூலகமும் சுருக்கிய வடிவிலேயே பல பத்துக் கிலோபைற்று அளவின. விரைந்த இணைப்பும் விலையுயர்ந்த கருவியும் உடையார்க்கு இஃது ஒரு பொருட்டன்று. மலிவான கைப்பேசியில், மெலிந்த இணைப்பில் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்க முயலும் ஒருவர்க்கு, நிரலைப் பெறுதலேயன்றி அதனைப் படித்து இயக்குதலும் அக்கருவிக்குப் பாரமாகும். நான்கு பக்கங்கள் மட்டுமே உடைய பாடசாலை வலைத்தளத்துக்கு ஒற்றைப்பக்க முறை வேண்டுமா என்னும் வினாவைச் சட்டகத்தைத் தெரிவதற்கு முன்னரே கேட்டல் தகும். பெரும்பாலும் வேண்டாமென்பதே விடை.

தொழில்நுட்ப வேறுபாடுகளினும் பாரதூரமான ஒன்று உளது. அது சட்டகத்தின் ஆயுள். 2014 ஒக்ரோபரில் பரிசு நகரில் நடந்த மகாநாடொன்றில், ஆங்குலரின் இரண்டாம் பதிப்பு முதற்பதிப்பின் அடிப்படைகளைக் கைவிட்டு முற்றும் புதிதாக எழுதப்படுமென அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் நான்கு ஆண்டுகளாக ஆங்குலர்ஜேஎஸ் கொண்டு செயலிகளைக் கட்டியோர் திகைத்தனர். புதிய ஆங்குலர் 2016 செப்ரெம்பரில் ரைப்ஸ்கிரிப்ற் மொழியில் வந்தது. இரண்டையும் ஒரே செயலியில் அருகருகே இயக்கிச் சிறிது சிறிதாக மாறிச்செல்ல வழி அமைக்கப்பட்டதாயினும், அவ்வுழைப்பாற் பயனர்க்குப் புதிதாக ஒன்றும் கிடைத்திலது. பழையதற்கான ஆதரவு 2021 டிசெம்பர் 31உடன் முடிவுற்றது. அதன்பின் காணப்படும் பாதுகாப்புக் குறைகளை ஆக்கியோர் திருத்தார். வியூவின் இரண்டாம் பதிப்பும் 2023 டிசெம்பர் 31இல் அவ்வாறே ஓய்ந்தது. 2011இல் தொடங்கிய எம்பர், எதனையும் முன்னறிவித்தலின்றி நீக்குவதில்லை என்பதைத் தன் நெறியாகக் கொண்டது; புகழிற் குறைந்ததாயினும் அந்நெறி போற்றத்தக்கதே. றியாக்ற் 2019இல் ஹூக்ஸ் எனப்படும் புதிய முறையைப் புகுத்தியபோது பழைய வகுப்பு முறையையும் இயங்கவிட்டது. கட்டடத்திற் குடியிருப்போரை எழுப்பாமலே தூணை மாற்றியதற்கு இஃது ஒப்பாகும்.

எனினும் றியாக்றும் தன்னைத் தெரிந்தோரை ஒருமுறை கலங்கவைத்தது. அதன் உரிமத்தோடு ஆக்கவுரிமை பற்றிய ஒரு நிபந்தனையும் இணைக்கப்பட்டிருந்தது: ஆக்கவுரிமை மீறப்பட்டதெனப் பேஸ்புக்மீது வழக்குத் தொடுப்போர், றியாக்ற் தொடர்பாக அந்நிறுவனம் தமக்களித்த ஆக்கவுரிமைப் பாதுகாப்பை இழப்பர். 2017 யூலையில் அப்பாச்சி மென்பொருள் நிலையம் அவ்வுரிமத்தையுடைய நிரலைத் தன் செயற்றிட்டங்களிற் சேர்த்தல் ஆகாதென விலக்கியது. செப்ரெம்பரில் வேர்ட்பிரஸ் தலைவர் றியாக்றைக் கைவிடப் போவதாக அறிவித்தார். சில நாள்களின்பின் பேஸ்புக் அந்நிபந்தனையை நீக்கி, எம்.ஐ.ரி. உரிமத்தை வழங்கியது. நிரலின் ஒரு வரியும் மாறாமலே, ஒரு பத்தி சட்டமொழியால் உலகின் பெருஞ்செயலிகளின் எதிர்காலம் மாறவிருந்தது என்பதனை மாணாக்கர் குறித்துக்கொள்ளல் நன்று.

கற்போர்க்கு எது எளிது என்பதைச் சுருங்கக் கூறலாம். எச்.ரி.எம்.எல். அறிந்தவர் வியூவைச் சில நாள்களிற் கைக்கொள்வர். ஆங்குலர், வழிப்படுத்தல், படிவம், சேவையகத் தொடர்பு ஆகிய அனைத்தையும் தன்னகத்தே உடையது. பலர் கூடி உழைக்கும் பெரிய அலுவலகங்களுக்கு அவ்வொழுங்கு ஏற்றது. தனியொருவர்க்கு அது கனத்த உடை. றியாக்ற் காட்சியை மட்டுமே தன் பொறுப்பெனக் கொண்டு, ஏனையவற்றை நிரலரின் தெரிவுக்கு விடும். ஒரே செயற்பட்டியற் செயலியை வெவ்வேறு சட்டகங்களில் எழுதிக் காட்டும் ருடுஎம்விசி என்னும் தொகுப்பை அருகருகே வைத்துப் படித்தல், விளக்கவுரைகள் பல படித்தலினும் பயன்தரும்.

அண்மைக் காலத்தில் இவ்வேறுபாடுகள் மெல்ல மறைந்து வருகின்றன. ஒரு மதிப்பைப் படிப்போர் யாவரெனக் குறித்துவைத்து, மாறும்போது அவர்க்கு மட்டும் அறிவிக்கும் முறை இப்போது சைகை என்னும் பொருளுடைய சிக்னல் என்ற பெயராற் பரவியுள்ளது. ஆங்குலர் 2023இல் வந்த தன் பதினாறாம் பதிப்பில் அதனை ஏற்றது. ஸ்வெல்ற் 2024இல் தன் ஐந்தாம் பதிப்பை அதன்மீதே கட்டியது. றியாக்ற் ஒன்றே இன்னும் மீளவரைந்து ஒப்பிடும் பழைய வழியில் நிற்கின்றது. புதிதெனப் போற்றப்படும் இம்முறையின் கரு, 2010இல் ஸ்டீவ் சாண்டர்சன் என்பார் வெளியிட்ட நொக்கவுற் என்னும் நிரல் நூலகத்திற் காணப்படுவதேயாம். ஆங்குலர்ஜேஎஸ்ஸின் பெருவழக்கில் அது பின்தள்ளப்பட்டு, இன்று பெரும்பாலோரால் நினைக்கப்படாதிருக்கின்றது.