பென்சிலும் சாவிக்கொத்தும்

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நமக்குத் தெரியும். நெற்றியைத் தொட்டால் சுடும். வயிற்றுப்போக்கு வந்தாலும் தெரியும். ஆனால் குழந்தையின் வளர்ச்சி பின்தங்கினால் எப்படித் தெரியும்? உடம்பு சுடாது. குழந்தை பால் குடிக்கும், தூங்கும். சில குழந்தைகள் ரொம்ப அமைதியாகக்கூட இருக்கும். "சமத்துக் குழந்தை, தொந்தரவே இல்லை" என்று அக்கம்பக்கத்தார் பாராட்டுவார்கள்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருப் பக்கம் குடியிருக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு 15 மாதம். கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்க அவனுக்கு இன்னும் வரவில்லை. தாய்க்குக் கவலை. மாமியாரோ, "இவன் அப்பனும் லேட்டாத்தான் நடந்தான். எல்லாம் சரியாப் போகும்" என்கிறார்.

மாமியார் பொய் சொல்லவில்லை. சில வீடுகளில் அப்படியேதான் நடக்கும். அதனால்தான் இது குழப்பமான விஷயம். எந்தக் குழந்தைக்காகக் காத்திருக்கலாம்? எந்தக் குழந்தைக்காகக் காத்திருக்கக் கூடாது?

இதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்தவர்கள் அதே திருவனந்தபுரத்தில்தான் இருந்தார்கள். அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி இருக்கிறது. ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரி என்பது முழுப்பெயர். சிறு வயதிலேயே இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசர் ஒருவரின் நினைவாக வைத்த பெயர். தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமாக 1952-இல் தொடங்கியது. களியக்காவிளை தாண்டி, குமரி மாவட்டத்திலிருந்தும் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறார்கள்.

இங்கே பணியாற்றிய டாக்டர் எம்.கே.சி. நாயரும் உடன் இருந்தவர்களும் ஓர் அட்டவணை தயாரித்தார்கள். 1991-இல் அதை வெளியிட்டார்கள். அதன் பெயர் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை. பிறந்தது முதல் 2 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு உரியது. அதில் 17 செயல்கள் உண்டு. முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, புரள்வது, ஓசை வந்த பக்கம் திரும்புவது, ஒரு கைப் பொருளை மறு கைக்கு மாற்றுவது, பிடித்து எழுந்து நிற்பது, தனியே நடப்பது, இரண்டு வார்த்தை பேசுவது. இப்படிப் போகும்.

அட்டவணையின் ஓரத்தில் மாதக் கணக்கு இருக்கும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டைக்கோடு இருக்கும். கோட்டின் இடது முனை, 100 குழந்தைகளில் 3 பேர் அதைச் செய்துவிடும் வயது. வலது முனை, 97 பேர் செய்துவிடும் வயது. இடையில் உள்ள நீளம்தான் குழந்தைக்குக் குழந்தை இருக்கும் வித்தியாசம். மாமியார் சொல்வது இந்த நீளத்துக்குள் அடங்கினால் அவர் சொல்வது சரி.

இப்போது ஒரு பென்சிலை எடுங்கள். குழந்தையின் வயதுக்கு நேரே செங்குத்தாக வையுங்கள். நம் பையனுக்கு 15 மாதம். தனியே நடப்பதற்கான கோட்டைப் பென்சில் நடுவில் வெட்டுகிறது. அதனால் நடக்கவில்லை என்பதற்காக இன்னும் பயப்பட வேண்டாம். ஆனால் பிடித்து எழுந்து நிற்பதற்கான கோடு முழுவதும் பென்சிலுக்கு இடப்பக்கம் போய்விட்டது. அதாவது 97 பேர் செய்துவிட்ட வயதை அவன் தாண்டிவிட்டான். இனிக் காத்திருக்கக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து போதும். பேனாவைக் கண் பின்தொடர்கிறதா, சாவிக்கொத்தை ஆட்டினால் தலை திரும்புகிறதா என்று பார்க்கலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கன்வாடிப் பணியாளரே பார்க்க முடியும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு. 2 மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், 10 மாதத்தை 8 மாதமாக எண்ண வேண்டும்.

இந்த அட்டவணை எல்லாவற்றையும் பிடித்துவிடுமா? பிடிக்காது. வளர்ச்சி பின்தங்கிய 3 குழந்தைகளில் ஏறக்குறைய 2 பேரைத்தான் அது காட்டிக்கொடுத்தது. நன்றாக இருக்கும் குழந்தைகள் சிலரையும் சந்தேகத்தில் நிறுத்தியது. ஆகவே அட்டவணையில் தவறினால் நோய் என்று அர்த்தமில்லை. தேறினாலும், தாயின் மனதில் சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுவதே நல்லது. தாயின் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அட்டவணைக்குத் தெரியாது.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய 800 குழந்தைகளை வைத்து இங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2009-இல் வெளியானது. ஒரு பகுதித் தாய்மார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையோடு பேசுவது, பொருளைக் காட்டி எட்டிப் பிடிக்க வைப்பது, கை கால்களை அசைக்க வைப்பது போன்றவற்றை வீட்டிலேயே தினமும் செய்யும் பயிற்சி. 1 வயதிலும் 2 வயதிலும் சோதித்தபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். இதில் மருந்து இல்லை, ஊசி இல்லை. தாயின் நேரம்தான் செலவு. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அதுவும் சின்னச் செலவு அல்ல. தகப்பனும் பாட்டியும் பங்கு போட்டுக்கொண்டால்தான் நடக்கும்.

இந்த வேலைக்கென்றே குழந்தை வளர்ச்சி மையம் அதே வளாகத்தில் இருக்கிறது. 1995-இல் அது தன்னாட்சி நிறுவனமானது.

பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். காது கேளாத பிள்ளையை 'மந்தம்' என்று ஒதுக்கிவிட்ட வீடுகள் உண்டு. இதற்குத் திருவனந்தபுரம் ஆக்குளத்தில், 1997-இல் தொடங்கிய நிஷ் என்னும் நிறுவனம் இருக்கிறது.

காது கேட்கிறது, ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. கண்ணைப் பார்ப்பதில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. அப்போதும் காட்ட வேண்டும். இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். 'மனநலம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் நினைவுக்கு வருவது ஊளம்பாறை. அங்கே பழைய மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. "பிள்ளையை அங்கே கொண்டுபோனதாக ஊர் பேசுமே" என்று பயப்படுகிறார்கள். குழந்தையின் வளர்ச்சியைப் பார்ப்பது குழந்தை டாக்டரிடமே தொடங்கும். முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பினால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

சாலைத் தெருத் தாய் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிரசவச் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப்போக வேண்டும். எத்தனை மாதத்தில் பிறந்தான், என்ன எடை, பிறந்ததும் அழுதானா என்று கேட்பார்கள். பயிற்சி சொல்லிக்கொடுத்து, சில மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அன்று மறுபடியும் பென்சிலை வைப்பார்கள். அதற்குள் பையனுக்கு வயது கூடியிருக்கும். பென்சிலும் வலப்பக்கம் நகர்ந்திருக்கும்.