தொற்று போயிற்று, சைக்கிளும் போகுமா?

"கொரோனா வந்தது, சைக்கிள் வந்தது; கொரோனா போயிற்று, சைக்கிளும் போயிற்று!" ஐரோப்பிய நகரங்களைச் சுட்டிக்காட்டி இப்படிப் பேசுகிறார்கள் சிலர். இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, ஊதிப் பெருக்கியது எவ்வளவு? உரைத்துப் பார்ப்போம், தோழர்களே!

அவர்கள் முதலில் காட்டுவது பிரிட்டனை. 2020ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாலைகளில் சைக்கிள் ஓடிய தூரம், முந்தைய ஆண்டைவிடச் சுமார் 46 விழுக்காடு உயர்ந்தது. உயர்ந்தது நிலைக்கவில்லை. 2023இல் ஏறத்தாழப் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. "பார்த்தீர்களா, மக்களுக்கு விருப்பமில்லை!" என்று கைகொட்டுகிறார்கள்.

விருப்பமா இல்லை? 2020இல் மக்களுக்குத் திடீரென்று ஆசை பிறக்கவில்லை; அச்சம் அகன்றது! ஊரடங்கில் கார்கள் முடங்கிக் கிடந்தன. சாலை காலியாயிற்று. சைக்கிள் துணிந்து வெளியே வந்தது. ஊரடங்கு நீங்கிற்று; கார்கள் திரும்பின; கார்களோடு அச்சமும் திரும்பிற்று. ஆலைக்குச் சைக்கிள் மிதிக்கும் நம் தோழர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பின்னால் லாரி உறுமும்போது முதுகு கூசுமே, அந்தக் கூச்சம் சென்னைக்கும் ஒன்றுதான், இலண்டனுக்கும் ஒன்றுதான்!

இரண்டு வீதிகளின் கதையைக் கேளுங்கள்.

ஒன்று, பாரிசின் ரிவோலி வீதி. லூவர் அரண்மனையை ஒட்டி ஓடுவது. 2020 மே மாதம், மேயர் ஆன் இதால்கோவின் நிருவாகம் அதைச் சொந்தக் கார்களுக்கு மூடிற்று. பஸ், டாக்சி போன்றவற்றுக்கு வழிவிட்டு, மிச்சத்தைச் சைக்கிளுக்குத் தந்தது. வேறு வீதிகளிலும் தடுப்பு வைத்துத் தற்காலிகப் பாதை வகுத்தது. கூச்சல் எழுந்தது, நகராட்சி குனியவில்லை. 2021இல் 25 கோடி யூரோவில், 180 கிலோமீட்டர் பாதைக்குத் திட்டம் தீட்டியது. அதில் 52 கிலோமீட்டர், தொற்றுக் காலத்துத் தற்காலிகப் பாதைகளை நிரந்தரமாக்குவது!

விளைவு? 2024இல் வெளியான கணக்கின்படி, பாரிஸ் நகருக்குள் நடக்கும் பயணங்களில் சைக்கிளில் செல்வது 11.2 விழுக்காடு, காரில் செல்வது 4.3 விழுக்காடு!

மற்றொன்று, இலண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட். செல்வர் வாழும் வட்டாரம். அங்கும் 2020இல் சைக்கிள் பாதை வகுத்தார்கள். வியாபாரம் கெடுகிறது, நெரிசல் பெருகுகிறது என்று முணுமுணுப்பு எழுந்தது. ஏழே வாரம்! டிசம்பரில் பாதையைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.

ஒரே ஆண்டு, ஒரே நோய், ஒரே சைக்கிள். ஓரிடத்தில் நின்றது, ஓரிடத்தில் நிற்க விடவில்லை. நிற்க விடாமல் தள்ளிவிட்டு, "நிற்கத் தெரியவில்லையே" என்று நகைப்பது நியாயமா?

அடுத்து மின்சைக்கிளைக் காட்டுவார்கள். "ஆலந்து நாட்டு வான்மூப் கம்பெனி 2023 ஜூலையில் திவாலாயிற்றே!" ஆம், கம்பெனி கவிழ்ந்தது, சைக்கிள் கவிழவில்லை. 2019இல் செர்மனியில் விற்ற மின்சைக்கிள் 13 இலட்சத்து 60 ஆயிரம். வான்மூப் வீழ்ந்த அதே 2023இல் 21 இலட்சம். சாதாரண சைக்கிளையே முந்திவிட்டது! 2024இலும் 20 இலட்சத்துக்குக் குறையவில்லை.

ஆனால் வாங்கியவர் யார்? அங்கே 2023இல் ஒரு மின்சைக்கிளின் சராசரி விலை 3,000 யூரோவை ஒட்டியிருந்தது. வாடகை குறைவென்று ஊர்ப்புறத்தில் குடியிருந்து, நெடுந்தொலைவு வேலைக்குப் போகிற பாட்டாளிக்குத்தான் அது முதலில் தேவை. மேட்டிலே மூச்சிரைக்காமல் ஏறலாம். உழைத்துக் களைத்த கால்களுக்கு மோட்டார் துணை நிற்கும். அவன் கைக்கு எட்டாத விலையில் அதை வைத்துவிட்டால், வசதி படைத்தோரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக அது சுருங்கிவிடாதா? மின்சைக்கிள் வாங்குவோருக்கு உதவித்தொகை தந்துவந்த பிரெஞ்சு அரசு, 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டது. பாரிஸ் பாதை கொடுத்தது. நாட்டரசு கையை இழுத்துக்கொண்டது!

எனவே நாம் சொல்கிறோம்: நோய் தந்தது வாய்ப்பு மட்டுமே. அதை வாழ்வாக்குவது பாதையும் விலையும். பாதையை வகுப்பது நகராட்சி. விலையைத் தாங்க உதவ வேண்டியது அரசு. சைக்கிள் நிலைக்குமா என்று மக்களின் மனத்தைத் துருவுவது வீண் வேலை. ஆள்வோர் நிலைக்க விடுவார்களா? கேள்வி அதுதான், தோழர்களே!